சிறுவாணித் தண்ணீரில் நின்றுபோன நைட்ரஜன் சுழற்சி

கேள்வி (வடவள்ளி)
வணக்கம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்க்க (இதுதான் நைட்ரஜன் சுழற்சி), இரண்டடித் தொட்டியில் மீன் எதுவும் விடாமல், 56 லிட்டர் தண்ணீரை ஸ்பான்ஜ் ஃபில்டருடன் ஒரு மாதமாக ஓட்டி வருகிறேன். வீட்டில் போர்வெல் இருந்தும், உப்புத் தண்ணீர் ஆகாது என்றெண்ணி, குளோரின் நீக்கிய சிறுவாணித் தண்ணீரையே ஊற்றினேன். அம்மோனியாவை முறைக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வீதம் சேர்த்ததில், நான்காம் முறை வரை அம்மோனியா இருப்பதைக் காட்டும் சோதனைக் குழாயின் பச்சை, இரண்டு மூன்று நாளில் மஞ்சளாக வெளுத்தது. ஐந்தாம் முறை சேர்த்து எட்டு நாளாகியும் பச்சை மாறவில்லை. நைட்ரைட் சோதனையோ அடர் ஊதா, அதாவது மிகுதி என்று காட்டுகிறது. பாக்டீரியா செத்துவிட்டதா? தொட்டியைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கவா?

பதில் (திருப்பூர்)
கழுவ வேண்டாம், முதலில் பிஎச் (அமில-கார அளவு) பாருங்கள். அம்மோனியா நைட்ரைட்டாக மாறும்போது அமிலம் உண்டாவதால், ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் இருப்பு) செலவாகிறது. உங்கள் நான்கு முறைக்கும் லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் போயிருக்கும். குடிக்க அருமையான அந்த மென்னீரில் அவ்வளவு இருப்பு இருந்திருக்குமா என்பது ஐயமே. பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா சாவதில்லை, வேலையில் சுணங்கும். காரத்தன்மை மிகுந்தது என்பதால், நீங்கள் ஒதுக்கிய உப்புத் தண்ணீர்தான் இதற்கு மருந்து: மூன்றில் ஒரு பங்கை இறைத்துவிட்டு அதை ஊற்றுங்கள்.

பதில் (ஈரோடு)
திருப்பூர்க்காரர் சொல்வது சரி. ஆனால் தொட்டியில் மீன் இல்லாததால் மட்டுமே சரி. அமில நீரில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகக் கிடக்கும். பிஎச் திடீரென 8-க்கு ஏறினால், குழாய் காட்டும் நிறம் மாறாமலே அது நஞ்சாகிவிடும். கப்பி மீன்கள் இருந்த தொட்டியில் இப்படி ஊற்றிவிட்டு, விடிந்ததும் ஏழு மீன்களை வலையில் அள்ளியவன் நான். இன்னொன்று, நம் பக்கத்துப் போர் தண்ணீரில் நைட்ரேட் ஏற்கெனவே இருக்கலாம். அதைத் தனியே சோதிக்காவிட்டால், சுழற்சி முடிந்ததென்று ஏமாந்து போவீர்கள்.

கேள்வி கேட்டவர்
பிஎச் 6 என்றே காட்டியது. ஈரோட்டு அண்ணன் சொன்னபடி போர் தண்ணீரை முதலில் சோதித்தேன். அதிலேயே நைட்ரேட் 20 பிபிஎம் இருந்தது. பிறகு 18 லிட்டர் மாற்றினேன். மூன்றாம் நாள் பச்சை வெளுத்துவிட்டது. நைட்ரைட்டின் ஊதா மட்டும் இன்னும் குறையாததால், மீன் வாங்குவதைத் தள்ளி வைத்திருக்கிறேன்.