ரெய்டு சரிபார்ப்பு ஓடும்போது சர்வர் திணறுகிறது, என்ன செய்யலாம்?

நண்பர்களே, ஒரு டெபியன் சர்வரில் நான்கு சுழலும் டிஸ்க்குகளை எம்டிஅட்மின் என்ற லினக்ஸ் கருவி மூலம் ரெய்டு 5 ஆக (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும் அமைப்பு) இணைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு, டிஸ்க்குகளை முழுதாகப் படித்துப் பார்க்கும் சரிபார்ப்பு தானாகத் தொடங்கியதும் எல்லாம் மந்தம். எஸ்எஸ்எச்-சில் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வரவே சில நொடி பிடிக்கிறது. டேட்டாபேஸ் பாடு இன்னும் மோசம். சிபியு என்னவோ சும்மாதான் இருக்கிறது. ஐஓ வெயிட் (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) மட்டும் ஏறிக் கிடக்கிறது.

சரிபார்ப்பின் உச்ச வேகத்தைக் குறிக்கும் ஸ்பீட் லிமிட் மேக்ஸின் இயல்பு அளவு நொடிக்கு 2,00,000 கேபி. அதை 30,000-க்கு இறக்கினேன். சர்வர் மூச்சு விட்டது, ஆனால் சரிபார்ப்பு மறுநாள் வேலை நேரம் வரை இழுக்கிறது. மினிமம் வேகம் இயல்பான 1,000-லேயே இருக்கிறது. வேறு வேலை வந்தால் அந்த அளவுக்குத் தானே பின்வாங்க வேண்டும்? நடைமுறையில் அப்படித் தெரியவில்லை. சரிபார்ப்பையே நிறுத்திவிடு என்பவர்களும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. படிக்க முடியாத செக்டார் (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி), பழுதான டிஸ்க்கை மாற்றும் நேரத்தில் தெரியவந்தால் என்ன ஆவது?

எம்டிசெக் (சரிபார்ப்பைப் பகுதி பகுதியாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) வைத்து இரவில் சில மணி நேரம் மட்டும் ஓட்டி, விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர்பவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலரை எம்கியூ-டெட்லைனிலிருந்து பிஎஃப்கியூ-வுக்கு மாற்றியதில் யாருக்காவது உண்மையில் பலன் கிடைத்ததா?