புதுப்பிப்பு: ஏழு வாரங்களுக்குப் பின் பாம்பு இரை எடுத்தது

ஏழு வாரங்களாக என் பந்து மலைப்பாம்பு இரையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதாக முன்பு எழுதியிருந்தேன். நேற்றிரவு அது உண்டுவிட்டது. கூண்டின் வெப்பப் பகுதி 27 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்ததைக் கண்டு, அதை 32 டிகிரிக்கு உயர்த்தி, உடல் உரச நுழையுமளவு இறுக்கமான இன்னொரு மறைவிடத்தையும் வைத்துவிட்டு, பத்து நாள்கள் பாம்பைத் தொடாமலே இருந்தேன் (கடினமாக இருந்தது எனக்குத்தான்). பின்னர், உறைநிலையிலிருந்து இளக்கிய எலியின் தலையை வெந்நீரில் சூடாக்கி, விளக்கை அணைத்து, மறைவிடத்தின் வாயிலில் இடுக்கியால் மெல்ல அசைத்தேன். உதட்டோரக் குழிகள் அந்த வெப்பத்தை உணர்ந்திருக்க வேண்டும்; நாக்கின் துடிப்பு வேகமெடுத்தது, கழுத்து வளைந்து மடிந்தது, ஒரே பாய்ச்சலில் எலியைச் சுற்றிக்கொண்டது. எடை 1,420 கிராமிலிருந்து 1,375 கிராமாக மட்டுமே குறைந்திருந்ததால் மருத்துவரிடம் கொண்டுசெல்லவில்லை. இனி 48 மணி நேரம் அதைத் தூக்கப்போவதில்லை.