ரேஷன் வரிசையில் ஒரு ஜோடிச் செருப்பு

ஹைக்கூ என்ற மூன்றடி ஜப்பானியக் கவிதை வடிவில் எழுதத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. உருப்படியாக வந்த முதல் கவிதை ரேஷன் கடை வாசலில் கிடைத்தது.

எங்கள் தெருக் கடையில் விடியும் முன்பே வரிசை நிற்கும். ஆட்கள் இல்லை, கட்டைப்பை, செங்கல், பிளாஸ்டிக் குடம். தீபாவளிக்கு முந்தைய வாரம் அது. என் பையை வைத்துவிட்டு எதிர் டீக்கடையில் நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓடிவந்து பைகளை எடுத்துக்கொண்டு ஒதுங்கினோம். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும் அங்கேயே நனைந்தது. ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

அன்று எழுதியது:

கொட்டும் மழையில்
ஏழையின் கண்ணீராய் நனைகிறது
ஊக்கு குத்திய செருப்பு

என் பழைய தமிழையாவிடம் காட்டினேன். "செருப்பு அழுதுச்சா தம்பி?" என்றார். அப்புறம் பாரதி 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொன்னார். அந்தக் கவிதைகளின் சொற்சுருக்கத்தை பாரதியே வியந்திருக்கிறார். ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் தவளைக் கவிதையில் பழைய குளம், குதிக்கும் தவளை, தண்ணீர்ச் சத்தம், இவ்வளவுதான். சோகமா, அமைதியா என்று அவர் சொல்லவே இல்லை.

ஏழையை அடித்தேன். கண்ணீரை அடித்தேன். ஜப்பானியர் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்றை வைப்பார்கள் என்பதால் 'கொட்டும் மழை' மாதப் பெயருக்கு மாறியது.

ஐப்பசி மழை
ரேஷன் வரிசையில் நகராமல்
ஒரு ஜோடிச் செருப்பு

ஊக்கு போய்விட்டது. அதுதான் இன்னும் மனசை உறுத்துகிறது.

*

அண்ணா, உங்கள் செருப்புக் கவிதையைப் படித்தேன். எனக்குக் கணக்குதான் வில்லன். ஒரு போட்டிக்காக, மூன்று அடிக்கும் 5-7-5 என்று எழுத்தெண்ணி உட்கார்ந்தேன். ஜப்பானியில் அது 17 சின்ன ஒலிகள். நம் 'வந்துகொண்டிருக்கிறது' ஒன்றே 11 எழுத்தைத் தின்றுவிடுகிறது! எண்ணுவதை விட்டேன், மூன்று அடி போதும்.

போன கோடையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. காலைச் சமையல் அப்படியே நிற்கிறது. தேங்காய்ச் சில்லோடு மிக்சி ஜாரைப் பிடித்தபடி இருட்டில் நின்றேன். அப்போது வந்தது இது:

கரண்ட் வந்தது
தெரு முழுக்க
மிக்சிச் சத்தம்

பருவம் இல்லை, மனிதர் பாடு மட்டும்தான். அதனால் இதை, ஹைக்கூ வடிவிலேயே மனிதர் பாட்டைச் சொல்லும் சென்ரியு என்றே வைத்திருக்கிறேன்.

அந்த ஊக்கை விட்டுவிடாதீர்கள் அண்ணா. அதற்குத் தனியாக மூன்று அடி எழுதுங்கள்.