உறுதிமொழியில் கையெழுத்துப் போடலாமா?

மாடிவீடு:
டில்லி கரோல் பாக்கில் பர்சாத்தியில், அதாவது மொட்டைமாடி அறையில், குடியிருக்கும் ஒரு தமிழம்மா, செத்துப்போன கணவர் பெயருக்கு வரும் கடிதங்களுக்கு அவர் பெயரிலேயே பதில் போடுகிறார். இதுதான் கதை, 3,000 சொல் முடிந்தது. இப்போது பார்த்தால் பழைய தீபாவளி மலர் ஒன்றில் அதே கரு, ஊர் மட்டும் கும்பகோணம். பாதியில் மூடிவிட்டேன். போட்டிக்கு ‘சொந்தக் கற்பனை, தழுவல் அல்ல’ என்று எழுதிக் கொடுக்கணும். கொடுக்கலாமா?

முனிர்க்காவாசி:
மூடினது நல்லது. முதல்ல உங்க கதையை நிகழ்ச்சி நிகழ்ச்சியா ஒரே தாள்ல எழுதி, தேதி போடுங்க. கூகுள் டாக்ஸ்ல அடிச்சிருந்தா பழைய வடிவங்கள் தேதியோட இருக்கும். புது ஃபைல்ல ஒட்டினா அந்த வரலாறு கூட வராது, அதனால மூலத்தை அழிக்காதீங்க. அப்புறம் மலர்க் கதையை முழுசாப் படிச்சு, அதோட வரிசையைப் பக்கத்துல போடுங்க. கரு ஒத்துப்போறது சகஜம். திருப்பங்களோட வரிசையும் முடிவும் ஒத்துப்போனாத்தான் வம்பு. அப்போ பேரையும் ஊரையும் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை.

பழையபேப்பர்:
கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய விதத்துக்குத்தான். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்மைப் பற்றிய வழக்குதான் அது! ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தில் பஞ்சாபிக் குடும்பம், மதராஸிக் குடும்பம், பிள்ளைகளுக்குள் காதல். ‘நியூ டெல்லி’ படத்திலும் அதே. ஆனால் படத்தில் மாகாணம் பார்த்து வீடு வாடகைக்கு விடுவது, வரதட்சணை என்று வேறு விஷயங்களும் இருந்தன, நாடகாசிரியர் தோற்றார். இரண்டையும் பார்த்தவருக்கு ‘இது அதன் நகல்’ என்று ஐயமில்லாமல் தோன்றணும், அதுவே அளவுகோல். போட்டி நடுவர் இவ்வளவு பொறுமையாகப் பார்க்க மாட்டார், அது வேறு.

மாடிவீடு:
12 நிகழ்ச்சியில் 4 பொருந்துது. முடிவு வேற. தபால்காரர் கண்டுபிடிக்கிறது ரெண்டுலயும் இருக்கு.

முனிர்க்காவாசி:
தபால்காரரைத் தூக்குங்க. கும்பகோணத்துல அவருக்குத் தெருவே அத்துப்படி. இங்கே மூணு மாடி ஏறி பர்சாத்திக்கு வருவாரா? கீழே மீட்டர் பெட்டி மேல வச்சுட்டுப் போயிடுவார். விடியக்காலை 5 மணிக்குத் தண்ணி வருதுன்னு மோட்டார் போட இறங்கும்போதுதான் உங்க கதையில வர்ற அம்மா எடுக்கணும். அதுக்குள்ள வீட்டுக்காரம்மா கண்ணுல கவர் பட்டிருக்கும். தமிழ் தெரியாது, ஆனா மேல இங்கிலீஷ்ல இருக்கிற பேர் யாருதுன்னு தெரியும். வாடகை ஒப்பந்தமும் அந்தப் பேர்லதானே? கதை அங்கேயே வேற பக்கம் திரும்பிடும். மத்த மூணும் கருவோடயே வர்றது, இருக்கட்டும். மலர்க் கதையிலேர்ந்து எதையும் எடுக்காத வரை தாராளமா கையெழுத்துப் போடுங்க.