பி.காமா, வெல்டிங்கா? தம்பிக்கு எது சரி?

தண்டையார்பேட்டைக்காரன்: தம்பி அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டான். அம்மா வியாசர்பாடி அம்பேத்கர் கலைக்கல்லூரியில் பி.காம் சேரச் சொல்கிறார், அவனோ மாமாவின் வெல்டிங் பட்டறையிலேயே கிடக்கிறான். நான் பி.காம் முடித்து இன்னும் பில் போடுகிற வேலைதான் பார்க்கிறேன், அதனால் வாய் திறக்க முடியவில்லை.

எண்ணூர் வெல்டர்: பட்டறையில் மட்டும் கற்றால் கையில் சான்றிதழ் இருக்காது தம்பி. ஐடிஐயில் வெல்டர் ஒரு வருஷம், ஃபிட்டர் இரண்டு வருஷம். அப்புறம் 6ஜி என்கிற பைப் வெல்டிங் நிலையைப் பழகச் சொல்லுங்கள்: பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டிவிடுவார்கள், நாம்தான் அதைச் சுற்றி உடம்பை வளைத்து அடிக்க வேண்டும். அடித்த இடத்தை எக்ஸ்ரே எடுக்கும்போது உள்ளே ஓட்டை தெரிந்தால் போச்சு. அந்தத் தேர்வில் நான் இரண்டு முறை கோட்டை விட்டேன். ஆனால் கண்ணும் முதுகும் போகும், அதையும் சொல்லிவிடுங்கள்.

பெரம்பூர் அக்கா: ஃபிட்டர் முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், பட்டப்படிப்புக்கு அங்கிருந்தும் வழி உண்டு. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், ஐடிஐக்கும் உண்டு.

தண்டையார்பேட்டைக்காரன்: சரி அக்கா, அம்மாவிடம் பாலிடெக்னிக் என்றே ஆரம்பிக்கிறேன், வெல்டிங் என்றாலே கரண்டியைத் தூக்குகிறார்.