பேக்ஹோவில் 9 அங்குல பக்கெட் முழுதாக மடங்கவில்லை, ஆகர் மண்ணுக்குள் போனதும் நின்றுவிடுகிறது – உதவி தேவை

உடுமலை தென்னை:

வணக்கம். உடுமலைப்பேட்டை பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். 27 எச்.பி. சின்ன டிராக்டரின் பின்னால் பேக்ஹோ (மண் தோண்டுகிற கை) மாட்டி மூன்று வருடமாக ஓட்டுகிறேன். கூடவே வந்த 18 அங்குல பக்கெட்டில் இதுவரை ஒரு குறையும் இல்லை. இப்போது சொட்டுநீர் மெயின் பைப் புதைக்க வேண்டும். அதற்கு 18 அங்குல அகலத்தில் தோண்டினால் டீசல்தான் வீண். வேலிக்குக் கல்லுக்காலும் நட வேண்டும். அதனால் 9 அங்குல பக்கெட் ஒன்றைப் பழையதாகவும், குழி துளைக்க 12 அங்குல ஆகர் ஒன்றைப் புதிதாகவும் வாங்கினேன்.

பக்கெட்டைக் கோர்க்கிற இரும்பு பின்கள் இரண்டும் 35 மி.மீ., அழகாகப் பொருந்திவிட்டது. ஆனால் முழுதாக மடங்கவில்லை. பழைய பக்கெட் வாய் வானத்தைப் பார்க்கிற அளவுக்கு மடங்கும். இது படுத்தாற்போல நின்றுவிடுகிறது. தூக்குவதற்குள் பாதி மண் கொட்டிவிடுகிறது. பக்கவாட்டில் ஆடிக்கொண்டு டக் டக் என்று சத்தம் வேறு.

ஆகரை ஆர்ம் (பக்கெட் மாட்டுகிற கை) நுனியில் தொங்கவிட்டு, பக்கெட் சிலிண்டருக்குப் போகிற இரண்டு ஓஸையும் கழற்றி அதன் மோட்டாரில் மாட்டினேன். காற்றில் பம்பரமாகச் சுற்றுகிறது. ஒரு அடி இறங்கினதும் நின்றுவிடுகிறது. இன்ஜின் முக்குகிறது, வால்வு பக்கம் சீறல் கேட்கிறது, அரை மணி நேரத்தில் ஆயில் டேங்கில் கை வைக்க முடியவில்லை. எங்கள் மண்ணில் ஒரு அடிக்குக் கீழே சுக்காங்கல். மோட்டார் ஜாயின்டில் ஆயில் கசிகிறது, மூன்று முறை டெஃப்லான் டேப் சுற்றியும் நிற்கவில்லை.

எங்கே தப்பு செய்தேன் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேத் பட்டறைக்காரர்:

தம்பி, பின் பருமனை மட்டும் பார்த்து வாங்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பழைய பக்கெட்டையும் புதியதையும் பக்கத்தில் போட்டு அளந்து சொல்லுங்கள். ஆர்ம் பின் துளையின் மையத்திலிருந்து லிங்க் (சிலிண்டருக்கும் பக்கெட்டுக்கும் நடுவே தள்ளுகிற இணைப்பு) பின் துளையின் மையம் எவ்வளவு, துளை உள்ள இரண்டு காதுத் தகடுக்கும் இடையே உள்பக்க அகலம் எவ்வளவு, ஆர்ம் நுனியின் அகலம் எவ்வளவு. டேப் வேண்டாம், வெர்னியர் வைத்து அளங்கள்.

உடுமலை தென்னை:

அளந்துவிட்டேன் அண்ணா. பழையதில் மையத்துக்கு மையம் 180 மி.மீ., புதியதில் 215. ஆர்ம் நுனி 130. காது உள்பக்கம் பழையதில் 132, புதியதில் 142.

லேத் பட்டறைக்காரர்:

அதுதான் விஷயம். கதவை கீல் பக்கம் ஒரு சாண் தள்ளினால் நன்றாகவே திறந்துவிடும். கைப்பிடி பக்கம் அதே ஒரு சாண் தள்ளினால் கொஞ்சம்தான் நகரும். உங்கள் சிலிண்டரின் ஸ்ட்ரோக் மாறவில்லை, லிங்க் தள்ளுகிற தூரமும் மாறவில்லை. ஆனால் தள்ளுகிற இடம் 35 மி.மீ. தள்ளிப் போய்விட்டது. அதனால் பக்கெட் சுற்றுகிற கோணம் குறைந்துவிட்டது. அதற்காக 180-க்கும் குறைவாக வைத்துவிடாதீர்கள். கோணம் கூடும், ஆனால் கடிக்கிற பலம் போய்விடும், பக்கெட்டின் முதுகு ஆர்மிலேயே மோதும்.

அதே காதில் 180-ல் புதுத் துளை போடலாமா என்று பட்டறையில் கேட்பார்கள். போட முடியாது. 35 மி.மீ. துளைக்குச் சரியாக 35 தள்ளி இன்னொன்று போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடும், நடுவில் இரும்பே இருக்காது. காதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் காதுதான் வைக்க வேண்டும்.

முதலில் பழைய பக்கெட்டின் பக்கத்தில் ஒரு பிளைவுட்டை வைத்து இரண்டு துளையையும் பல் நுனியையும் குறித்துக்கொள்ளுங்கள். பல் நுனியை விட்டுவிட்டு துளைகளை மட்டும் குறித்தால் பக்கெட் வேறு கோணத்தில் உட்கார்ந்துவிடும், மறுபடியும் இதே தலைவலிதான். புதுத் தகடு இரண்டையும் ஒன்றாகக் கவ்வி ஒரே பிடியில் துளை போடச் சொல்லுங்கள். பிறகு அந்தக் காதுகளை பின்னோடு ஆர்மில் மாட்டி, இரண்டு பக்கமும் 1 மி.மீ. வாஷர் வைத்து, அந்த நிலையிலேயே பக்கெட்டோடு புள்ளி வெல்டு வையுங்கள். மடக்கி, விரித்துப் பார்த்து எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்தபின் கழற்றி, காதுகளுக்கு நடுவே 132-க்கு ஒரு பைப் துண்டைக் கொடுத்து முழு வெல்டு. ஒரே பக்கம் இழுத்து வெல்டு அடித்தால் சூட்டில் காது உள்ளே வளையும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அடிக்க வேண்டும். ஆட்டமும் சத்தமும் இதிலேயே போய்விடும்.

டிராக்டரில் மாட்டி வைத்தபடி வெல்டு அடிப்பதானால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்பை பக்கெட்டிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் பின் வழியாகவும் புஷ் வழியாகவும் போய் அவற்றைப் பொத்தல் போடும்.

ஹைட்ராலிக் ஓஸ் கடை:

ஆகரைப் பற்றி நான் சொல்கிறேன். பம்ப் எத்தனை சிசி, கியர் பாக்ஸ் என்ன விகிதம், மோட்டாரில் என்ன எண் அடித்திருக்கிறது, ஆகர் நிற்கும்போது கேஜ் எவ்வளவு காட்டுகிறது?

உடுமலை தென்னை:

பம்ப் 16 சிசி, பி.டி.ஓ.வில் (டிராக்டரின் பின்னால் சுற்றுகிற தண்டு) மாட்டுகிற கியர் பாக்ஸ் ஒன்றுக்கு மூன்று. மோட்டாரில் 160 என்று இருக்கிறது. நிற்கும்போது கேஜ் 150 பார். டேங்க் 30 லிட்டர்.

ஹைட்ராலிக் ஓஸ் கடை:

150 காட்டுகிறது என்றால் பம்ப் நன்றாக இருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடினால் பம்ப் 1620 சுற்று. ஒரு சுற்றுக்கு 16 சிசி ஆயில் என்றால் நிமிடத்துக்கு 26 லிட்டர். கசிவு போக 24 என்று வைத்துக்கொள்ளலாம். 160 சிசி மோட்டாருக்கு 24 லிட்டர் போனால் நிமிடத்துக்கு 150 சுற்று. அதனால்தான் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. ஆனால் 150 பாரில் அது கொடுக்கிற முறுக்கு விசை 380 நியூட்டன் மீட்டர்தான். 12 அங்குல ஆகருக்குச் சுக்காங்கல்லில் அது போதவே போதாது. 400 சிசி மோட்டார் போட்டால் வேகம் 60 சுற்றாகக் குறையும், விசை 950-க்கு ஏறும். குழி எடுக்க 60 சுற்று தாராளம். வாங்கிய கடையில் மாற்றிக் கேளுங்கள். ஷாஃப்டும் போல்ட் துளைகளும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடும் இதனால்தான். மோட்டார் நின்றுவிட்டால் ஆயில் முழுவதும் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சாமல் ஆயிலைத் திருப்பிவிடுகிற வால்வு) வழியாகத்தான் திரும்புகிறது. 24 லிட்டர், 150 பார் என்றால் 6 கிலோவாட். மூன்று கெய்சரை உங்கள் 30 லிட்டர் டேங்கில் போட்டது போல. நின்ற உடனே லிவரை விட்டுவிடுங்கள், ரிவர்ஸ் கொடுத்துத் தூக்குங்கள். ரிலீஃப் வால்வைத் திருகி 200 வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். பூம் சிலிண்டரும் ஓஸும் 150-க்கு என்று போட்டவை.

கசிவுக்கு வருகிறேன். மோட்டார் துளை அரை அங்குல பி.எஸ்.பி. நேர் மரையாக இருக்கும். அங்கே மரை அடைப்பதில்லை, அடியில் உள்ள வாஷர்தான் அடைக்கிறது. டேப்பைப் பிரித்துச் சுத்தம் செய்து டவுட்டி வாஷர் (ரப்பர் விளிம்பு வைத்த இரும்பு வாஷர்) போடுங்கள், சில ரூபாய்தான். டேப் துணுக்கு ஒன்று உள்ளே போனால் வால்வுக்குள் நகர்கிற ஸ்பூல் மாட்டிக்கொள்ளும்.

கசிவை விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஊசிமுனைத் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அறுவை செய்யாவிட்டால் விரலே போகலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

உடுமலை தென்னை:

மிக்க நன்றி அண்ணா. கழற்றிய பக்கெட் சிலிண்டரின் இரண்டு வாயையும் மூடி போட்டு அடைத்திருக்கிறேன், சரியா?

ஹைட்ராலிக் ஓஸ் கடை:

அடைக்க வேண்டாம். வெயிலில் உள்ளே சிக்கிய ஆயில் விரிந்து அழுத்தம் ஏறும், அப்புறம் திரும்ப மாட்டும்போது கப்ளர் உள்ளே போகாது. சிலிண்டரை முழுதாக உள்ளே இழுத்து, லிங்கை ஆர்மோடு கட்டிவிட்டு, இரண்டு வாயையும் ஒரு சின்ன ஓஸால் இணைத்துவிடுங்கள்.

பழைய ஆபரேட்டர்:

தம்பி, யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். பேக்ஹோ டிராக்டரில் எப்படி நிற்கிறது? அடியில் ஆக்ஸில் வரை போகிற சப்ஃபிரேமா (இரும்புச் சட்டம்), இல்லை டிராக்டரின் பின்னால் கருவி மாட்டுகிற மூன்று புள்ளி லிங்கில் மட்டும் தொங்குகிறதா?

உடுமலை தென்னை:

மூன்று புள்ளி லிங்க்தான் ஐயா.

பழைய ஆபரேட்டர்:

அப்படியானால் ஆகர் வேலைக்கு முன் இதைச் சரி செய்யுங்கள். லிங்கை ஹைட்ராலிக் தூக்கத்தான் செய்யும், கீழே அழுத்திப் பிடிக்காது. ஆர்மைக் கல்லில் ஊன்றி அழுத்தும்போது பேக்ஹோ முழுசும் மேலெழும்பி டிராக்டர் பக்கம் மடங்கும். நடுவில் இருக்கிற சீட்டில் நீங்கள்தான் உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு ஒரு முறை அப்படித்தான் ஆனது. பாறை விளிம்பில் பக்கெட் மாட்டியது, நான் லிவரை விடாமல் இழுத்தேன், சீட் எழும்பி முதுகு டிராக்டரின் மட்கார்டில் போய் முட்டியது. அரை அங்குலம் மிச்சம் இருந்ததால் பிழைத்தேன். அடுத்த வாரமே சப்ஃபிரேம் அடித்தேன். டிராக்டர் ஹவுசிங் போல்ட்டுக்கும் அதுதான் நல்லது.

ஆகர் சுற்றும்போது தோளில் துண்டு வேண்டாம், வேட்டி வேண்டாம். வேலையாள் கம்பியால் மண்ணைத் தள்ளிவிடக் கிட்டே வருவார், விடாதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் தூக்கி மண்ணை உதறிவிட்டு மறுபடி இறக்குங்கள். ஆகர் கழுத்தில் உள்ள போல்ட் அறுந்தால் அதே மாதிரி சாதா போல்ட்டையே போடுங்கள். உறுதியானது என்று ஹைடென்சில் போட்டால் போல்ட்டுக்குப் பதில் ஷாஃப்ட் அறுகும்.

உடுமலை தென்னை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் சப்ஃபிரேம் அடித்தேன் ஐயா, பின் ஆக்ஸிலில் இருந்து முன்பக்கம் வரை. பக்கெட்டுக்குப் புதுக் காது வைத்தாயிற்று; வாய் வானத்தைப் பார்க்கிறது, டக் டக் சத்தம் இல்லை. மெயின் பைப் வாய்க்கால் 9 அங்குல அகலத்தில் நேராக வந்திருக்கிறது.

மோட்டாரைக் கடையில் வித்தியாசத் தொகை வாங்கிக்கொண்டு 400-க்கு மாற்றிக் கொடுத்தார்கள். மெதுவாகத்தான் சுற்றுகிறது, ஆனால் சுக்காங்கல்லைத் துருவி வெள்ளை மாவாக மேலே தள்ளுகிறது. நேற்று காலையில் இருந்து மதியம் வரை 22 குழி, எல்லாம் இரண்டு அடி. நடுவில் இரண்டு முறை பெரிய கல் மாட்டி நின்றது. உடனே லிவரை விட்டு, ரிவர்ஸ் கொடுத்துத் தூக்கினேன். டேங்கில் கை வைத்துப் பார்த்தேன், வைக்க முடிகிறது. இன்னும் 40 குழி பாக்கி.