எழுப்புதல் கூட்டமா, வீட்டு ஜெபமா?

பால்மரத்துப்பிள்ளை (பெஸ்தாரி ஜெயா, மலேசியா):
பள்ளி விடுமுறையில் மூன்று இரவு எழுப்புதல் கூட்டம், அதாவது விசுவாசத்தைத் தட்டியெழுப்பும் பெரிய பிரசங்கக் கூட்டம் வைக்க எங்கள் சபைக் கமிட்டி பேசிக்கொண்டிருக்கிறது. நான் வேண்டாம் என்கிறேன். போன தடவை பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலி என்று சேமிப்பெல்லாம் கரைந்தது. மூன்று இரவும் கண்ணீர் விட்டோம். நாலாவது வாரம் அதே இருபது பேர்தான். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் இருந்தபோது ஒரு வீட்டில் ஜெபித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இப்போது ஆளுக்கொரு தாமான் (குடியிருப்புப் பகுதி), அடுக்குமாடி. யார் வீட்டில் கஷ்டம் என்றே தெரிவதில்லை. வாராவாரம் வீட்டு ஜெபத்தை மறுபடி தொடங்குவோம்.

திராட்சைக்கொடி:
தம்பி, அந்தக் கூட்டத்தில்தான் என் வீட்டுக்காரர் மாறினார். ஞாயிறு ஆராதனைக்கே வராதவர், இரண்டாவது இரவு பந்தலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி கேட்டார். அப்புறம்தான் குடியை விட்டார். சின்ன வரவேற்பறையில் பத்துப் பேர் முன்னால் உட்கார அவருக்கு வெட்கம், வந்திருக்கவே மாட்டார். வேதத்தில் பெந்தெகொஸ்தே நாளில் இயேசுவின் சீடர் பேதுருவும் பெருங்கூட்டத்திடம்தான் பேசினார். அன்றைக்கே ஏறக்குறைய 3000 பேர் சேர்ந்தார்கள்.

பால்மரத்துப்பிள்ளை:
அண்ணன் குடியை விட்டது எனக்கும் சந்தோஷம், அக்கா. ஆனால் நீங்கள் சொன்ன பேதுருவின் பிரசங்கம் இருக்கும் அதே அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் கொஞ்சம் கீழே பாருங்கள், வீடுகள்தோறும் அப்பம் பிட்டார்கள் என்று இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கி, வெட்டவெளியில் பிரசங்கித்த ஜான் வெஸ்லியும் அதோடு நிற்கவில்லை. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜெபவீட்டுக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவானது. சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வீடு வீடாகப் போனார். போன இடத்தில்தான் யார் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. காசு வாங்கப் போனது ஆத்தும விசாரிப்பாக மாறியது.
எங்கள் அம்மா ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். சபையிலிருந்து ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை.

விளக்குத்தண்டு:
வாலிபர்களையும் நினையுங்கள். பாதிப் பேருக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். வாராவாரம் ஒரே நாள் என்றால் வர முடியாது. விடுமுறைக் கூட்டத்துக்கு லீவு போட்டாவது வருவார்கள்.

திராட்சைக்கொடி:
அம்மா விஷயம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது, தம்பி. மூன்று தெரு தள்ளி இருந்தும் நான் வரவில்லை. மன்னித்துவிடுங்கள். கூட்டம் வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. இந்த வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபம் வைக்கிறேன். அம்மாவையும் அழைத்து வாருங்கள், முடியாவிட்டால் நாங்களே அங்கே வருகிறோம்.

பால்மரத்துப்பிள்ளை:
இங்கேயே வாருங்கள் அக்கா, அம்மாவால் படி இறங்க முடியாது. கமிட்டியில் என் ஓட்டு கூட்டத்துக்கு எதிராகத்தான்.